குளிக்கிறதுக்கு முன்னாடி பேசுங்கப்பா

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், கார்மேகத்தின் குரல் கடல் தாண்டி வந்துவிடும்.

"எனக்கென்ன, ராசா மாதிரி இருக்கேன்!"

துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் ஏசி மெக்கானிக்காக இருந்த அப்பாவின் அந்தக் குரலைக் கேட்டுத்தான் சந்தியா வளர்ந்தாள். சிவகங்கைப் பக்கம் அவர்கள் கிராமத்தில், அந்த நேரத்துக்குப் போனைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்துவிடும். அம்மா ஜோதிமணி, பெரியம்மா சரோஜா, பெரியம்மாவின் மகன் பாஸ்கர் எல்லோரும் இருப்பார்கள். அங்கே ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி என்பார் அப்பா. பஸ்ஸுக்குள்ளேகூடக் குளுகுளுவென்று இருக்கும் என்பார். வாரம் ஒரு முறைதான் பேசுவார். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு, அன்றைக்குப் பேசினால் காசும் குறைவு.

"கொடுத்து வச்சவன்," என்று பெரியம்மா பெருமூச்சு விடுவாள். பெரியப்பா இறந்த பிறகு இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு பாஸ்கரைப் படிக்க வைத்தவள் அவள்.

2006-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் சந்தியாவும் அம்மாவும் விசிட் விசாவில் அஜ்மானுக்கே வந்து சேர்ந்தார்கள். அப்பாவின் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஊருக்கு லீவில் போயிருந்தார். அவருடைய ஒற்றை அறைதான் அவர்களுக்கு வீடு.

ராசா மாதிரி இருக்கும் அப்பா முதல் வாரத்திலேயே காணாமல் போய்விட்டார்.

விடிவதற்கு முன்னாலேயே கம்பெனி வேன் வந்து அவரை அள்ளிக்கொண்டு போகும். இருட்டும் நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து போடும். வந்தவர் கதவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிடுவார். ஷூவின் கயிற்றை அவிழ்க்கக்கூட விரல் மடங்காது. சந்தியாதான் அவிழ்ப்பாள்.

"வேலை எப்படிப்பா இருந்துச்சு?"

"கொல்லுதும்மா," என்பார் அப்பா. கண்கள் மூடியே இருக்கும்.

பிறகு குளிக்கப் போவார். குளித்து, துவைத்த சட்டையைப் போட்டு, தலையை வாரிக்கொண்டு வந்தால் வேறு ஆள். "அது கெடக்குது கழுதை! நாம பார்க்காத வேலையா?" என்று சிரிப்பார். குளியலறைக்குள் ஒருவர் போய் இன்னொருவர் வருவது சந்தியாவுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் வரைக்கும்.

ஒரு நாள் எதிரே இருந்த தாழ்வான கட்டடத்தில் ஏதோ ஏசி பழுது. அப்பாவைத்தான் அனுப்பியிருந்தார்கள். சந்தியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஏசி தரும் குளிர் வீட்டுக்குள்ளே இருக்கிறது. ஆனால் அதற்கான பெரிய இயந்திரம் மொட்டை மாடியில், வெட்டவெளியில், அனலைக் கக்கிக்கொண்டு நிற்கிறது. அப்பா வெயிலில் அதன் முன்னால் மண்டியிட்டிருந்தார். ஸ்பானர் சுட்டிருக்க வேண்டும், ஈரத் துணியைச் சுற்றித்தான் பிடித்திருந்தார். தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். நனைந்த சட்டை கண் முன்னாலேயே காய்ந்தது.

நிமிர்ந்தவர் ஜன்னலில் மகளைப் பார்த்துவிட்டார். உடனே கையை உயர்த்தி, ஏதோ கல்யாண வீட்டில் நிற்பவர் போலச் சிரித்துக்கொண்டே ஆட்டினார். சந்தியாவும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு, திரைச்சீலைக்குப் பின்னால் போய் அழுதாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை ஊருக்குப் பேசியபோதுதான் பாஸ்கர் அந்தச் செய்தியைச் சொன்னான். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சித்தப்பா, ஏஜெண்ட் வந்தாரு! அங்க ஏசி டெக்னீசியன் வேலையாம். எம்பதாயிரம் கட்டணும். அடுத்த சனிக்கிழமை சந்தையில ரெண்டு மாட்டையும் வித்து அட்வான்ஸ் கொடுத்துடலாம்னு அம்மா சொல்லுது."

"நீ ஐடிஐ முடிச்சதும் மதுரையில ஏதோ பயிற்சி கெடச்சிருக்குன்னியேடா?"

"அது ரெண்டு வருசம் சித்தப்பா! மாசம் ஆயிரத்துச் சொச்சம்தான் தருவாங்களாம். அதுக்குப் பேசாம அங்க வந்து உங்கள மாதிரி இருக்கலாம்ல?"

அப்பா தலைமுடியைக் கையால் வாரிவிட்டுக்கொண்டார். பிறகு குளித்து முடித்த அந்தக் குரல் வந்தது. "வாடா, வா! ராசா மாதிரி இருக்கலாம்."

போனை வைத்ததும் அப்பாவின் சிரிப்பு அணைந்துவிட்டது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த யோகநாதன் மாமா அவரை உற்றுப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அப்பாவின் கம்பெனியில் போர்மேன். அப்பாவைவிட ரொம்ப வயது குறைந்தவர், ஆனால் சம்பளம் இரண்டு மடங்கு.

"என்ன அண்ணை இது? அந்த ஏஜெண்ட் கூட்டிக்கொண்டு வாற பெடியன்கள் எல்லாரும் ஹெல்பர் விசாவிலதானே வருகினம். உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும்," என்றார் அப்பா. "மாசம் அறுநூறு திர்ஹாம், நம்ம காசுக்கு ஏழாயிரம் சொச்சம். நாலு வருசம் அடுத்தவன் டூல் பேக்கைத் தூக்கணும். நானும் அப்படித்தானே வந்தேன்."

"அந்தப் பயிற்சியை முடிச்சு சான்றிதழோட வந்தா, வரேக்கையே டெக்னீசியன். பிறகு என்னைப்போல போர்மேன். உங்களுக்கு என்னைவிட நல்லா வேலை தெரியும். ஆனா அந்தச் சான்றிதழ் இல்லாததாலதான் இன்னும் மொட்டை மாடியில நிக்கிறியள்."

"அப்புறம் ஏம்ப்பா வாடான்னு சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டாள் சந்தியா.

அப்பா அவளைப் பார்க்காமல் சொன்னார். "வராதேன்னு சொன்னா, இவன் மட்டும் நல்லா இருக்கணும்னு நெனைக்கிறான்னுதாம்மா பெரியம்மா சொல்லும். அண்ணன் இல்லாத வீடு. அந்தப் பேச்சை என்னால தாங்க முடியாது."

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள் சந்தியா. "பெரியவங்க விசயத்துல தலையிடாத. கடைசியில ஜோதிமணிதான் தடுத்துட்டான்னு என் தலையில வந்து விடியும்," என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தை வெட்டு வெட்டென்று வெட்டினாள் அம்மா.

சந்தியாவுக்குத் தூக்கம் கெட்டது. பாஸ்கர் அண்ணன் அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அவன் மொட்டை மாடியில் டூல் பேக்கோடு நிற்பதையும், பெரியம்மாவின் தொழுவம் காலியாகக் கிடப்பதையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தாள். இரண்டுமே சகிக்கவில்லை.

இரண்டு முறை அப்பாவிடம் பேச்செடுத்தாள். இரண்டு முறையும் அவர் குளித்து, சாப்பிட்டு முடித்தபின் கேட்டாள். "அவன் சமாளிச்சுக்குவான். ஆம்பளப் பையன்தானே!" என்று சிரித்து மழுப்பினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தப்பான நேரத்தில் கேட்டிருக்கிறாள்! அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெம்பு வருவதே குளித்த பிறகுதான்.

வியாழக்கிழமை இருட்டும் நேரம் அப்பா வந்தார். தரையில் உட்கார்ந்தார். சந்தியா ஷூ கயிற்றை அவிழ்த்தாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு அவருடைய சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஊருக்குப் பேசுங்கப்பா."

"இன்னைக்கு வியாழக்கிழமைம்மா. குளிச்சிட்டு…"

"வேணாம்ப்பா. குளிக்கிறதுக்கு முன்னாடி பேசுங்க. குளிச்சா வேற அப்பா வந்துடுவாரு. இந்த அப்பாவைப் பாஸ்கர் அண்ணனுக்குத் தெரியவே தெரியாது."

அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று சந்தியா பயந்தாள்.

"பேசுங்க," என்றாள் அம்மா. "பழி வந்தா வரட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்குவோம்."

அப்பா எண்களை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"பாஸ்கரு, சித்தப்பா பேசறேன்."

"என்ன சித்தப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒன்னுமில்லடா. வேலை முடிஞ்சு இப்பத்தான் வந்தேன். தெனமும் எனக்கு இந்தக் குரல்தான். நீங்கதான் கேட்டதில்ல."

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். ஏஜெண்ட் சொல்லும் டெக்னீசியன் வேலை விமானம் ஏறும் வரைக்கும்தான் என்றார். இறங்கினால் ஹெல்பர், ஒரு அறைக்குள் பத்துப் பேர். வெயிலில் விழுந்தவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போன கதையைச் சொன்னார். ஒரு சான்றிதழ் இல்லாமல் தன் சம்பளம் ஒரே இடத்தில் நின்றுபோனதையும் சொன்னார்.

"இந்தத் தொழில்ல சோறு இருக்குடா. நல்ல சோறே இருக்கு. ஆனா கையில தகுதியோட வரணும். அந்த ரெண்டு வருசம் மதுரையில கத்துக்கிட்டு வா. நானே உனக்கு வேலை தேடறேன்."

ஊரிலும் போன் ஸ்பீக்கரில்தான் இருந்திருக்கிறது. பிறகு பெரியம்மாவின் குரல் கேட்டது.

"அப்ப ராசா மாதிரி இருக்கேன்னு சொன்னதெல்லாம்?"

"பொய் மதினி."

"இத்தனை வருசமாவா?"

"ஆமா மதினி."

"நாளன்னிக்கு மாடு விக்கப் போறப்ப வந்து சொல்றியே! அப்ப நீ மட்டும் அங்க சம்பாதிக்கணும், எம்புள்ள மட்டும் இங்கயே…"

போன் கட்டாகிவிட்டது. அதில் இருந்த காசு தீர்ந்துபோயிருந்தது.

அப்பா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "பார்த்தியா? இந்த ஒரு வார்த்தைக்குத்தான் பயந்தேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சந்தியாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. எல்லாவற்றையும் தானே கெடுத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அப்பா குளிக்கவும் போகவில்லை. அம்மா விளக்கைப் போட மறந்துபோய் நின்றாள்.

நெடுநேரம் கழித்து போன் மணி அடித்தது. ஊர் எண்.

ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசுவதென்றால் காசு கரைந்துவிடும். அதனால் அங்கிருந்து எப்போதும் மிஸ்டு கால்தான் வரும். ஒரு மணியோடு நின்றுவிடும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்கப்பா!" என்றாள் சந்தியா.

"தம்பி," என்றாள் பெரியம்மா. "அவன் மதுரைக்கே போறேங்குறான். திங்கக்கெழமை சேரணுமாம். மாட்டைச் சந்தைக்கு ஓட்டல."

"சரி மதினி."

"எனக்கு உம்மேல கோவம் போகல. சொல்லிப்புட்டேன்."

"சரி மதினி."

பெரியம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. காசு ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தும் அவள் போனை வைக்கவில்லை. பிறகு, இத்தனை வருடத்தில் ஊரிலிருந்து யாரும் அப்பாவிடம் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"சாப்பிட்டியா தம்பி?"

ஆச்சு மதினி, பிரியாணி என்று சொல்லத்தான் அப்பா வாயைத் திறந்தார். சந்தியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் இல்ல மதினி," என்றார். "ரொம்பப் பசிக்குது."

சந்தியா தட்டை எடுக்க ஓடினாள்.