வடக்கே நகர்ந்த பெட்டி

"ஐயோ...! டிரெசரய்யா...!"

காளியம்மா போட்ட அலறலில் ரப்பர் மரத்துக் காக்காய்கள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

1925. கோலாலம்பூருக்கு வடமேற்கே, புக்கிட் பெலிம்பிங் பக்கத்து எஸ்டேட் ஒன்று. செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி.

எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசர் கந்தையா தன் வீட்டு முன்னறையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் மருந்து அரைக்கிற கல் குழவி.

வீடு கூட்ட வந்தவள் காளியம்மா. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினாள்... வைத்தியரைக் கூப்பிட!

பாதி வழியில்தான் நினைவு வந்தது. எஸ்டேட்டில் இருந்த ஒரே வைத்தியர் அவர்தான்.

ஒன்பது மணிக்கு, கோலசிலாங்கூரிலிருந்து டிடெக்டிவ் சார்ஜன்ட் தங்கராஜு சைக்கிளில் வந்து இறங்கினார். அதற்குள் கேஸே முடிந்திருந்தது. காளியம்மாவின் புருஷன் வீரனை ஒரு ரப்பர் மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அவன் ஆஸ்பத்திரியில் டிரெசருக்குக் கையாள்.

"யாரு கட்டினது?"

"நான்தான்!" என்றார் எஸ்டேட் ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி சிதம்பரநாதன். வெள்ளைக் கோட்டு, தங்கச் சங்கிலிக் கடிகாரம், சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ். "நேற்று இவன் மருந்துக் குப்பியை உடைச்சவன். கந்தையர் அடிச்சுப் போட்டார். 'உன்னைக் கொல்லாம விடமாட்டேன்' எண்டு இவன் கத்தினது முழுத் தோட்டத்துக்கும் கேட்டது."

"கத்தினியா?"

"கத்தினேங்கய்யா" என்றான் வீரன். "ஆனா கொல்லலீங்க."

காளியம்மா சார்ஜன்ட்டின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்குல போட்டுருவாங்களாய்யா?"

"போடுவாங்க..." என்றார் தங்கராஜு. "கொன்னிருந்தா!"

அந்த நேரத்தில் கிராணி வீட்டுப் பக்கமிருந்து ஒரு அழுகை கிளம்பியது. பெரிய அழுகை.

"யாரு அது? டிரெசருக்குச் சொந்தமா?"

"என்ட மனுசி யோகாம்பாள்" என்றார் சிதம்பரநாதன். முகம் சுளித்தது. "அவள் கந்தையருக்கு அழேல்ல. பெட்டிக்கு அழுகிறாள்."

"பெட்டிக்கா...?"

யோகாம்பாளே வந்துவிட்டாள். கண் சிவந்து, மூக்கு சிவந்து, கையில் ஒரு நீளமான தாள்.

"ஐயா, நாளைக்குக் காலமை பத்து மணிக்கு எங்களுக்குக் கப்பல்! லூமுட்டுக்குப் போய், அங்கயிருந்து பங்கோர் தீவுக்கு. பத்து நாள். கடற்கரையில வீடு பிடிச்சாச்சு. பயற்றம் பணியாரம் சுட்டாச்சு. பிள்ளையளுக்கு வெயில் தொப்பி வாங்கியாச்சு. இவருக்குக் கடலில குளிக்க அரைக் காற்சட்டைகூடத் தைச்சாச்சு..."

தாளில் எல்லாமே வரிசையாக எழுதியிருந்தது. அரைக் காற்சட்டை இருபத்தேழாவது.

"பதினொரு வருஷமா இந்தத் தீவுக்குப் போகப் பாக்கிறம். முதல்தரம் ஊரெல்லாம் காய்ச்சல், லீவு இல்லை. ரெண்டாந்தரம் ரப்பர் விலை விழுந்து போச்சு, லீவு இல்லை. மூண்டாந்தரம் துரைக்குக் கலியாணம். அவற்ற கலியாணத்துக்கு எங்களுக்கு லீவு இல்லை!"

"சரி... பெட்டி?"

"புதன்கிழமை வடக்கே சூலம். பங்கோரோ வடக்கே இருக்கு. எப்படிப் புறப்படுறது? அதாலதான் திங்கட்கிழமையே பரஸ்தானம் வைச்சனான்."

தங்கராஜுவுக்கு இது தெரியும். பயண நாள் சரியில்லை என்றால், நல்ல நாளிலேயே சாமானில் ஒன்றைப் போகும் திசையிலுள்ள இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது. பயணம் அன்றைக்கே தொடங்கியதாகக் கணக்கு. ஆள் பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் சூலம் குத்தாது.

"யார் வீட்ல வச்சீங்க?"

"எங்கட வீட்டுக்கு வடக்கே இருக்கிறது கந்தையர் வீடுதானே! இப்ப அது செத்த வீடு. துடக்கு வீட்டுக்குள்ள என்ட பரஸ்தானம்...!"

மறுபடியும் அழுகை.

"மூடநம்பிக்கை!" என்று சீறினார் சிதம்பரநாதன். "ஒரு மனுசன் செத்துக் கிடக்கிறான், இவளுக்குத் தகரப் பெட்டி! நான் இந்தச் சூலம், சகுனம் ஒண்டையும் நம்புறவன் இல்லை சார்ஜன்."

தங்கராஜு டிரெசர் வீட்டுக்குள் போனார். முன்னறை, படுக்கையறை, சமையலறை, கட்டிலுக்கு அடி என்று எல்லா இடமும் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"உள்ள பெட்டி எதுவும் இல்லியே!"

யோகாம்பாளின் அழுகை சட்டென்று நின்றது.

"வீரன்தான்!" என்றார் சிதம்பரநாதன். "கொலையும் செய்து களவும் எடுத்திருக்கிறான்!"

"தகரப் பெட்டியா?" கூட்டத்தில் ஒரு குரல். கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் இருசப்பன். "அது என் வீட்டு வாசல்ல இல்ல கெடக்குது!"

எல்லோரும் ஓடினார்கள்.

இருசப்பன் வீடு, டிரெசர் வீட்டுக்கும் வடக்கே. வாசலில் இரண்டு செங்கல். அவற்றின் மேல் பெட்டி, மண்ணில் படாமல். முகம் வடக்கே. பூட்டில் கட்டிய எலுமிச்சம்பழம்கூட அசையவில்லை.

"எப்ப பார்த்தீங்க?"

"காலையில பெரட்டுக்குப் போகக் கதவத் தொறந்தப்போ. அஞ்சேகால் மணி இருக்கும். கிராணி வீட்டம்மாதான் மாத்தி வச்சிருக்காங்கன்னு நெனச்சு விட்டுட்டேன். அவங்க பெட்டிய யாரு தொடுவா? கொன்னுருவாங்களே!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்குப் புரிந்தது. பெரட்டுக்கு ஆள் எண்ணுகிற வாய், கப்பென்று மூடிக்கொண்டது.

தங்கராஜு பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"களவாணி எடுத்திருந்தா பூட்ட ஒடச்சிருப்பான். இங்க பழம்கூட நசுங்கல. அம்மா... சாவு விழுந்த வீட்ல பரஸ்தானம் இருந்தா என்னாங்க ஆகும்?"

"பயணம் பாழ்! உடன எடுத்து வேற வீட்டில வைக்க வேணும். நிலத்தில படக் கூடாது. பயணத் திசையிலதான் வைக்க வேணும். திரும்பி எங்கட வீட்டுக்கும் கொண்டு வரக் கூடாது."

"அதேதான் நடந்திருக்கு. நீங்க எடுத்தீங்களா?"

"நானோ? எனக்குச் சாவு தெரிஞ்சதே ஏழு மணிக்கு, இவள் காளியம்மா கத்தினாப் பிறகு! பெட்டி உள்ளுக்கு இருக்கெண்டுதானே அப்பவிருந்து அழுதுகொண்டிருக்கிறன்!"

"உண்மை. ஆனா..." தங்கராஜு கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். "அஞ்சேகால் மணிக்கே யாருக்கோ அது சாவு வீடுன்னு தெரிஞ்சிருக்கு!"



"கொன்றவனுக்குத் தெரியும்தானே!" என்றார் சிதம்பரநாதன். "இவன் வீரனுக்கு!"

"கேட்டுருவோம். அவன அவுத்துக் கூட்டிட்டு வாங்க."

வீரன் வந்தான். கயிறு பதிந்த கையைத் தடவிக்கொண்டான்.

"வீரா, பரஸ்தானம்னா என்னா?"

வீரன் யோசித்தான். நேர்மையாக யோசித்தான்.

"பச்சைக் குப்பியில இருக்குமே... அந்த மருந்துங்களா?"

இருசப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நேத்து டிரெசர் கடைசியா என்னா வேலை பார்த்தாரு?"

"கூலி லயத்துல ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மைங்கய்யா. பாத்துட்டுப் பெரியம்மைன்னாரு. ரிப்போர்ட்டு எழுதினாரு. தோட்டத்த இழுத்து மூடிருவாங்க, நாப்பது நாளு யாரும் வெளிய போகக் கூடாதுன்னாரு."

"இத ஏன் நீ யாருகிட்டயும் சொல்லல?"

"யாருங்கய்யா கேட்டாங்க? கட்டித்தான் போட்டாங்க."

"அந்த ரிப்போர்ட் உள்ள இல்ல. துரை கைக்கு அது எப்பிடிப் போகும்?"

"பெரிய கிராணியய்யா மூலமாத்தாங்க. காலங்காத்தால ஆபீசுக்குப் போற வழியில அவருதான் வந்து வாங்கிக்குவாரு."

எல்லாக் கண்களும் திரும்பின.

சிதம்பரநாதனின் வெள்ளைக் கோட்டு நெஞ்சில் ஏறி இறங்கியது.

"நான்... நான்தான் இதையெல்லாம் நம்புறதில்லை எண்டு சொன்னனே! பெட்டியை நான் ஏன் தொடப் போறன்?"

யோகாம்பாள் புருஷனையே பார்த்தாள். பிறகு செங்கல்லைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். மறுபடியும் புருஷனைப் பார்த்தாள்.

"வடக்கே முகம்..." என்றாள் மெதுவாக. "வடிவா வைச்சிருக்கிறியள். பதினொரு வருஷமா என்னைப் பழிச்சியளே... உங்களுக்கு நம்பிக்கை இருந்ததோ?"

கொலையை விட அதுதான் அவளை உலுக்கியது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

சிதம்பரநாதன் அப்படியே இருசப்பன் வீட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு நாள் பொறுங்கோ, நாங்கள் கப்பல் ஏறினாப் பிறகு குடுங்கோ எண்டு கெஞ்சினன். கந்தையர் மாட்டன் எண்டார். நாலாந்தரமும் இவளிட்டப் போய் லீவு இல்லை எண்டு எந்த முகத்தோட சொல்லுறது? அவர் அங்கால திரும்பினார்... குழவி கையில இருந்தது..."

"ரிப்போர்ட்?"

"அடுப்பில."

"பெட்டி?"

"கதவு வரைக்கும் வந்திட்டன் சார்ஜன். திரும்பிப் பாத்தன். பிள்ளையளின்ட தொப்பி அதுக்குள்ள இருக்கு. பிரேதத்துக்குப் பக்கத்தில விட்டிட்டுப் போக... மனம் வரேல்ல."

காளியம்மா வீரனின் கையைப் பிடித்தாள். விடவே இல்லை. லயம் போய்ச் சேரும்வரை விடவில்லை.

அன்று மாலையே கோலசிலாங்கூர் பெரிய டாக்டர் வந்தார். பிள்ளைகளைப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார், கொப்புளத்தைப் பார்த்தார்.

"பெரியம்மையா? எவன் சொன்னது? இது சின்னம்மை! ஒரு வாரத்துல உதிர்ந்துரும். தோட்டத்த எதுக்கு மூடணும்?"

சொன்னவர் கந்தையா. கேட்டுக் கொன்றவர் சிதம்பரநாதன். இரண்டு பேருக்கும் இனி இதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

புதன்கிழமை. காலை ஒன்பதே முக்கால்.

கோலசிலாங்கூர் ஜெட்டி. கப்பல் ஊதியது. யோகாம்பாள் இரண்டு பிள்ளைகளோடும் தகரப் பெட்டியோடும் நின்றாள். முகம் இரவெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

"போகத்தான் வேணுமாம்மா?" என்றார் தங்கராஜு.

"பரஸ்தானம் வைச்சிட்டுப் போகாமல் விட்டால் அது இன்னும் கூடாது ஐயா."

பெட்டியைத் திறந்தாள். இருபத்தேழாவது சாமானை வெளியே எடுத்தாள். சாமான் தூக்க வந்திருந்த வீரனிடம் நீட்டினாள்.

"இந்தா. இனி அவருக்குத் தேவைப்படாது."

வீரன் அரைக் காற்சட்டையை விரித்துப் பார்த்தான். அளவு சரியாகத்தான் இருந்தது.

ஜெட்டி ஓரத்தில், கோலாலம்பூர் போகிற போலீஸ் லோரி. விலங்கோடு நின்ற சிதம்பரநாதன், கடலைப் பார்த்தார். லோரியைப் பார்த்தார். ஏறவில்லை.

"சார்ஜன்... இண்டைக்குப் புதன்கிழமை. சூலம் எல்லோ!"

தங்கராஜு அவர் முதுகில் மெல்லத் தட்டினார்.

"வடக்கேதான் சூலம்யா... ஜெயிலு தெற்கே இருக்கு. தைரியமா ஏறுங்க லா!"