பாதியில் போனவர்கள்

“கணக்கை வெளியிடணும். எந்தப் பாத்திரம் எத்தனை சதவீதம் ஜெயிக்குதுன்னு ஆடுறவங்களுக்குத் தெரியணும்.”

யோன்ஜு சொல்லி முடித்தாள். கூட்ட அறையில் இருந்த ஏழு பேரும் அவரவர் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டீம் லீடர் குவோன் எச்சரித்திருந்தார், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், இதை மட்டும் கேட்காதீர்கள் என்று. அம்மா அதற்கும் ஒரு படி மேலே. “எதையுமே கேக்காத. குடுத்த நாற்காலியில உக்காரு, போதும்.” அம்மாவுக்குத் தென்கொரியாவின் கடலோர ஊரான போஹாங்கில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை. அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் யோன்ஜு. அந்த நாற்காலியின் அருமை அவளுக்குத் தெரியாமல் இல்லை.

“சாப்பிட வர்றவங்களுக்கு யாரும் அடுக்களையைத் திறந்து காட்டமாட்டாங்க, யோன்ஜு,” என்றார் குவோன். “வியாழக்கிழமை அறிவிப்பு. மணிக்காரியோட குணமாக்குற சக்தியில பதினஞ்சு சதவீதம் குறைக்கிறோம். அவ்வளவுதான்.”

‘ஏழு வாயில்’ அவர்களுடைய ஆன்லைன் விளையாட்டு. மூன்று பேருக்கு எதிராக மூன்று பேர். வாள்காரன் வெட்டுவான், தீக்காரி எரிப்பாள், மணிக்காரி மணியடித்து அடிபட்டவர்களைப் பிழைக்க வைப்பாள். மணிக்காரி நூற்றுக்கு ஐம்பத்தாறு ஆட்டங்களில் ஜெயிப்பதாகக் கணக்கு சொன்னது. அதிகம்தான். ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கிறோம் என்று கதறுகிற கடிதங்களில் பாதி மணிக்காரியாக ஆடுகிறவர்களிடமிருந்துதான் வந்தன. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? யோன்ஜுவுக்குப் புரியவில்லை. புரியாத ஒன்றை வெட்டிக் குறைப்பதில் அவளுக்கு உடன்பாடும் இல்லை.

கீழே பான்கியோ சாலையில் ஒரு லாரி நின்றது. மணிக்காரியைக் குறைக்கப் போகிறார்கள் என்ற வதந்தியைக் கேட்டு, எதிர்ப்புக் காட்ட ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து அனுப்பியது. அதன் பக்கவாட்டு மின்திரையில் எழுத்துகள் ஓடின. ‘மணிக்காரியைக் கொல்லாதே! மறுபடி மணியடிக்கப் பதினான்கு நொடி... இது நியாயமா?’

பதினான்கா?

மதிய இடைவேளையில் மழை கொட்டியது. குடையைக் காற்று திருப்பிப் போட்டது. அவள் நேராக லாரிக்கே போனாள்.

“அங்கிள், உங்க லாரியில தப்பு இருக்கு.”

மஞ்சள் மழைக்கோட்டு திரும்பியது. அங்கிள் இல்லை. அகலமான, தூங்கி எழுந்தது போன்ற கண்கள்... இடது இமையில் மூன்று மழைத்துளிகள். எதற்கு எண்ணினோம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

“அங்கிளா? எனக்கு இருபத்தொம்பதுதாங்க ஆகுது.”

“வயச நான் கேக்கல. பதினாலு நொடி இல்ல, பன்னெண்டு.”

“அடி வாங்குறது நான். எனக்குப் பதினாலாத்தான் இருக்கு.”

“போன மாசமே குறைச்சாச்சு. நான்தான்...”

நிறுத்திக்கொண்டாள். அவன் பார்வை அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்குப் போயிருந்தது. லாரிக்காரர்களோடு யாரும் பேசக்கூடாது என்று அன்று காலைதான் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது.

“ஓ... எதிரி முகாமா?” என்று சிரித்தான். “எதிரின்னாலும் மழையில நிக்கக்கூடாது. வாங்க.”

பக்கத்துக் கடையின் வெளிப்பந்தல். இரண்டு காகிதக் கோப்பைகளில் ஆவி பறக்கும் மீன் சூப். அவன் பெயர் கிதே. இஞ்சியோனில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். லாரிக்குக் காவல் நிற்க மூன்று நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தான்.

“இவ்வளவு பாடுபட்டு மணிக்காரி எதுக்கு? வாள்காரனா ஆடிட்டுப் போக வேண்டியதுதான?”

“லிஃப்ட் ஒழுங்கா ஓடுனா என்னை ஒருத்தருக்கும் தெரியாதுங்க. நின்னுபோனா அத்தனை பேரும் திட்டுவாங்க. மணிக்காரிக்கும் அதே கதை. பழகிப்போச்சு.”

சிரிக்கக்கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள்.

“தோத்தா ரொம்பத் திட்டுவாங்களோ?”

“தோக்குற வரைக்கும் யாரு இருக்கா? ஒருத்தன் விழுந்ததுமே ‘மணிக்காரி தூங்குறா’ன்னு ஆரம்பிப்பானுங்க. அப்புறம் அம்மா வரைக்கும் போவானுங்க. நான் பாதியிலயே வெளிய வந்துருவேன். முன்னப்பின்ன தெரியாதவங்களோட ஆடுற மணிக்காரிங்க எல்லாருமே இதத்தான் செய்றோம்.”

கோப்பை அவள் உதட்டருகே நின்றுவிட்டது. பாதியில் போனவர்கள்... ஆட்டத்தை முடிக்காமல் விலகியவரின் பதிவைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். தோற்கும்போது விலகுகிறவர்கள் காணாமல் போனால், மிச்சமிருக்கிறவர்கள் ஜெயித்தவர்கள்தானே? அந்த விதியை எழுதியவள் அவளேதான்.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. சூப்பு சுடுது.”

“ஆறிப்போய் அஞ்சு நிமிஷம் ஆச்சே...”

அவள் ஏற்கெனவே மழைக்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலைக்குள் விலகியவர்களைத் தோற்றவர்களாகச் சேர்த்து எண்ணி முடித்தாள். மணிக்காரி ஜெயிப்பது நூற்றுக்கு நாற்பத்துமூன்றுதான். எழுந்து சன்னலுக்குப் போனாள். கீழே மின்திரையில் பதினான்கு போய்ப் பன்னிரண்டு வந்திருந்தது. தனியாக நின்று சிரித்தாள். இது என்ன பைத்தியக்காரத்தனம்... ஒரு கோப்பை சூப்புக்கா?

மதியம் குவோனும் மற்றவர்களும் சாப்பிடக் கிளம்பினார்கள். அவளும் கூடவே இறங்கினாள். லாரியைத் தாண்டும்போது மஞ்சள் கோட்டு கையை உயர்த்தியது.

“எதிரி! பன்னெண்டாக்கிட்டேன், பாத்தீங்களா?”

குவோன் நின்றார். “தெரிஞ்சவரா?”

அம்மா சொன்ன நாற்காலி ஒரு நொடி கண்முன் வந்தது.

“இல்ல. யாருன்னே தெரியாது.”

கிதேயின் கை மெல்ல இறங்கியது. முன்பின் அறியாதவர்களுக்குக் குனிவது போல, அளவாக, மரியாதையாக ஒரு முறை குனிந்தான். அவன் திட்டியிருந்தால் இவளும் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். கடையில் சோற்றுத் தட்டைப் பாதியிலேயே தள்ளி வைத்தாள்.

வியாழக்கிழமை, அதே அறை, அதே ஏழு பேர். யோன்ஜு திரையில் நாற்பத்துமூன்றைப் போட்டாள்.

“தப்பு என்னோடது. விலகுனவங்கள விட்டுட்டு எண்ணிட்டேன். மணிக்காரி ஜெயிக்கல, தோத்துட்டிருக்கா. பதினஞ்சு சதவீதத்தையும் குறைச்சா அந்தப் பாத்திரத்தை ஆட ஆளே இருக்கமாட்டாங்க.”

“அறிவிப்பு தயார்,” என்றார் குவோன். “ஐம்பத்தாறுன்னு உள்குறிப்பு மேலிடத்துக்குப் போயாச்சு. சரிபார்த்தவர்ங்கற இடத்துல நீங்க கையெழுத்துப் போடணும்.”

“தப்புன்னு தெரிஞ்ச கணக்குலயா?”

“யார் சொல்லி இதைத் தோண்டுனீங்க?” குவோனின் குரல் உயரவில்லை. “அந்த மஞ்சள் கோட்டுக்காரரை யாருன்னே தெரியாதுன்னீங்க. செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து சூப் குடிச்சதா சொல்றாங்களே?”

இப்போது ஏழு பேரும் நிமிர்ந்தார்கள்.

“பொய் சொன்னேன்,” என்றாள் யோன்ஜு. “தெரியும். ஒரே ஒரு தடவை பேசியிருக்கேன். பிடிச்சிருக்கு.”

யாரோ இருமினார்கள். காது சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

“அதுக்காக நாப்பத்திமூணு மாறாது. அவரைப் பிடிக்காமப் போயிருந்தாலும் நாப்பத்திமூணுதான். வேணும்னா நீங்களே எண்ணிப் பாருங்க. உங்க எல்லாருக்கும் அனுப்பியிருக்கேன்.”

குவோன் பெருமூச்சு விட்டார். “கையெழுத்துப் போடுங்க. இதையெல்லாம் மறந்துடலாம். உங்க நாற்காலி உங்களுக்கு இருக்கும்.”

யோன்ஜு பையைத் திறந்தாள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே எழுதி வைத்த ராஜினாமாக் கடிதம், ஒரு வெள்ளை உறையில். மேசை மேல் வைத்து, அதன் மேல் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள்.

அம்மாவிடம் சாயங்காலம் சொல்ல வேண்டும். திட்டுவாள். திட்டட்டும்.

லிஃப்டில் இறங்கும்போது, இத்தனை நாள் கவனித்தே இராத சோதனைச் சீட்டு கண்ணில் பட்டது. யாரோ ஒருவனின் கையெழுத்து. தரைத்தளம் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அதே மழை. மூன்றாவது நாள், கடைசி நாள். லாரியின் மின்திரை அணைந்திருந்தது; மஞ்சள் கோட்டு ஓட்டுநரோடு பேசியபடி ஏறுவதற்குக் காலைத் தூக்கிவிட்டது.

சொல்ல வேண்டியதை மேலே ஏழு பேர் முன்னால் சொல்லியாயிற்று. கேட்க வேண்டியவன் மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை.

குடையை விரிக்க நேரமில்லை. கதவைத் தள்ளினாள்.