எடுக்காதே!

இவன் டாக்டருக்குத் தம்பி இல்லை.

தம்பி என்றால் கண்ணாவது சிவந்திருக்குமே... ரிப்பேர் கடைக்காரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கண்ணாடி மேஜையில், போன் நம்பரும் டைரியும் வைத்துக்கொள்ளும் கையடக்க ஆர்கனைசர்கள் இரண்டு. கீறல் விழுந்த பழசு ஒன்று. வேறு கம்பெனியின் புதுசு ஒன்று.

"பழசு அக்காவோடது மேடம். பல் டாக்டர். வியாழக்கிழமை கிளினிக் மாடிப்படியில வழுக்கி விழுந்து... போயிட்டாங்க."

வெள்ளைச் சட்டைக்காரன் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தான்.

கர்ச்சீப் நனையவில்லை!

"பேஷண்ட் நம்பரெல்லாம் புதுசுக்கு மாத்திக் கொடுங்க. எல்லாருக்கும் தகவல் சொல்லணும். பாஸ்வேர்டு தெரியல. பின்னாடி உங்க கடை ஸ்டிக்கர் இருந்துச்சு..."

"மாத்தினதும்?"

"பழசைச் சுத்தமா அழிச்சிடுங்க. பார்க்கப் பார்க்க அழுகையா வருது."

பெஞ்சிலிருந்த தொப்பைக்காரர் பொங்கினார்.

"ஏம்மா, எனக்கு முன்னாடி இவருக்கா? ரெண்டு நாளா நடையா நடக்கிறேன்!"

"அஞ்சே நிமிஷம் சார். உங்களுதும் மேஜையிலதான் இருக்கு."

பாஸ்வேர்டை உடைக்க வேண்டியதில்லை. வைத்துக் கொடுத்ததே அவள்தான். டாக்டர் அதை மறந்துவிட்டு மாதம் ஒருமுறை வருவார்.

'ஆளோட பேரு எனக்கு நிக்காதும்மா... குணம்தான் நிக்கும்!' என்பார்.

திரை விழித்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'வாய் மூடாது'. 'பல்லே தேய்க்காது'. 'சொல்லாம வரும்'. 'எடுக்காதே'.

'ரொம்பப் பொறுமை' என்று ஒன்று. எதிரே... அவளுடைய கடை நம்பர்!

என்னையா? வீட்டில் ஒருத்தர்கூட என்னை அப்படிச் சொன்னதில்லையே...

அவன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மேடம், ஒருத்தர் பேருமே இல்ல?"

துக்கம் வடிந்து, அவன் முகத்தில் நிம்மதி வந்தது. இழவு வீட்டு முகத்தில் வரக் கூடாத நிம்மதி.

அவள் டைரிப் பக்கம் போனாள். வியாழன்.

'ஆறு மணி. எடுக்காதே வர்றான். கிளினிக்கைத் தர முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிடணும்.'

ஏழு மணிக்குப் பெருக்க வந்தவள் போட்ட அலறல்தான் பேப்பரில் வந்திருந்தது!

பொறுமை... பொறுமை...

இந்தக் கருவிகளுக்குக் கம்பி வேண்டாம். மூக்கோடு மூக்கு வைத்துப் பட்டனை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் சுமந்துகொண்டு போகும். வைத்தாள். அழுத்தினாள்.

"நம்பர் சரியா வந்திருக்கான்னு ஒண்ணு அடிச்சுப் பார்த்துடறேன் சார்."

கடைப் போனை எடுத்தாள். 'எடுக்காதே'யின் நம்பரைச் சுழற்றினாள்.

வெள்ளைச் சட்டைப் பாக்கெட் பாடியது!

அவன் பழசின் திரையிலிருந்த வியாழக்கிழமையைப் பார்த்தான். படித்தான். வெளுத்தான்.

"மேடம்..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அந்த வியாழக்கிழமையை மட்டும் அழிச்சிடுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க..."

"முடியாது சார்."

"ஏன்?"

"போயிடுச்சு."

அவன் புதுசைப் பிடுங்கித் தட்டினான். காலி!

'கீங்...!'

தொப்பைக்காரர் மேஜையிலிருந்து தன் ஆர்கனைசரை எடுத்தார்.

"என்னம்மா இது? என் டைரியில யாரோட வியாழக்கிழமை?"

"சத்தமா படிங்க... இன்ஸ்பெக்டர் சார்."

அவன் கதவை நோக்கிப் பாய்ந்தான். தொப்பை அதற்கு முன்பே கதவை அடைத்து நின்றது!

கையைப் பின்னால் முறுக்கிக்கொண்டே இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கினார்.

"கிளினிக் வேணுமா உனக்கு? வாடா, உள்ள நிறைய ரூம் இருக்கு!"

பாக்கெட் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அவள் ரிசீவரை வைக்கவே இல்லை.

"காது வலிக்குதும்மா. எடுக்கச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார்." மெல்லத்தான் சொன்னாள். "எடுக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காங்க!"