ஒன், டூ, த்ரீ

காலை பத்து மணிக்கெல்லாம் கிதர் முகம்மதுவின் வேன் அந்தப் பழைய ரைஸ் மில்லுக்குள் நுழைந்துவிட்டது. மில் என்று இனிமேல் சொல்லக் கூடாதாம். உத்திரமேரூருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் பன்னிரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கட்டடத்துக்கு வெள்ளையடித்து, நீச்சல் குளம் வெட்டி, டான்ஸ் ஆட ஒரு கூடமும் போட்டு, கேளிக்கை மாளிகை என்று போர்டு மாட்டியிருந்தார் முதலாளி தாமோதரன். வெள்ளிக்கிழமை திறப்பு விழா.

சவுண்ட் முழுக்க கிதருடைய பொறுப்பு. புல்வெளி, சாப்பாட்டுக் கூடம், குளம், குழந்தைகள் விளையாடும் இடம், கழிப்பறை நடை, டான்ஸ் கூடம் என்று ஆறு ஸோன். ஒவ்வொன்றிலும் வேறு பாட்டு, வேறு சத்தம். எல்லாவற்றையும் ஓர் அறையில் இருந்தபடியே ஆட்டிவைக்கலாம். மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த திட்டம். எந்த மூலையில் நின்றாலும் பேசுகிறவரின் ஓர் எழுத்துகூடச் சிதறக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம்.

வேனைவிட்டு இறங்கியதுமே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நெல்லை ஊறப்போட்டுத் தண்ணீர் மாற்றாமல் நாலு நாள் விட்டால் ஒரு நாற்றம் வருமே, அது. புளித்து, அழுகி, தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்கிற நாற்றம். மில் ஓடிய காலத்தில் வந்திருந்தால் சரி. இப்போது இங்கே ஒரு பிடி நெல்கூட இல்லை.

"செப்டிக் டேங்க் பாய். ரெண்டு நாள்ல பூடும்," என்றார் தாமோதரன். அவர் பூசியிருந்த சென்ட் வாசனை அந்த நாற்றத்தோடு கலந்து இன்னும் குமட்டியது. சொல்லிவிட்டு, புல்வெளியில் போட்டிருந்த சமையல் பந்தலைப் பார்க்கப் போய்விட்டார்.

வயரிங் வேலைக்கு மாசி வந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். இருளர் குடும்பம். அவனுடைய வீட்டார் மொத்தமும் இதே மில்லில் கொத்தடிமையாகக் கிடந்தவர்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் அக்கா வீரம்மாள் காணாமல் போனாள். லாரிக்காரனோடு ஓடிவிட்டாள் என்று மில்லில் சொன்னார்கள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடினாளாம். இந்த வேலை வந்தபோது மாசி தானாகவே வந்து நின்றான். "நான் வர்றேன் பாய். எங்கக்கா எங்க போச்சுன்னு அந்த எடத்துலதான் தெரியும்," என்றான்.

டான்ஸ் கூடம் இருந்த இடத்தில் முன்பு நெல் ஊறவைக்கும் தொட்டிகள் எட்டு. ஏழில் மணலைக் கொட்டி மூடியாயிற்று. எட்டாவதை மட்டும் திறக்கவே விடவில்லை தாமோதரன். கான்கிரீட் மூடி போட்டபடியே இருக்க, அதன்மேல் டைல்ஸ் ஒட்டச் சொல்லிவிட்டார். கீழே வெற்றிடம் இருந்தால் கனத்த பேஸ் சத்தம் வைக்கும்போது தரை உறுமும், திறந்து மணலாவது கொட்டுங்கள் என்று கிதர் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். காதிலேயே வாங்கவில்லை.

கன்ட்ரோல் அறை, பழைய மில்லின் ஆபீஸ் அறைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டான்ஸ் கூடத்தின் நடுவில் மாசி நின்றான். கிதர் முதலில் புல்வெளி ஸோனை மட்டும் திறந்து மைக்கைப் பிடித்தார்.

"ஹலோ, மைக் டெஸ்ட்டிங். ஒன், டூ, த்ரீ."

"நாலு."

பெண் குரல். புல்வெளி ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

சமையல் பந்தலில் எவளோ மைக்கை எடுத்து விளையாடுகிறாள் என்று எரிச்சலோடு மற்ற மைக்குகளையெல்லாம் அடைத்தார். தன்னுடையதை மட்டும் விட்டுவைத்தார். குளத்து ஸோனைத் திறந்தார்.

"ஒன், டூ, த்ரீ."

"நாலு."

சாப்பாட்டுக் கூடத்திலும் அதே. குழந்தைகள் இடத்திலும் அதே. ஒவ்வொரு ஸோனுக்கும் குரல் கொஞ்சம் கிட்டே வந்தது. கழிப்பறை நடைக்கு வந்தபோது, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கொழகொழவென்றிருந்தது.

கிதர் நடைக்கு ஓடினார். கூரையில் பதித்த ஸ்பீக்கரிலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. நேற்றுதான் அவர் கையால் பெட்டி பிரித்து மாட்டிய புது ஸ்பீக்கர். ஏணி போட்டு ஏறி, திருகைக் கழற்றி இழுத்தார்.

கொத்தாக அவர் முகத்தில் விழுந்தது.

ஊறி உப்பிய நெல். வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. மஞ்சள் சளிபோல் ஒரு கசடு அதைப் பிணைத்திருந்தது. உதட்டில் ஒட்டியதைத் துப்பினார். நாக்கில் ஏதோ நீளமாகச் சிக்கியது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

தலைமுடி.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினாரோ தெரியாது. சுவரோரம் குனிந்து, காலையில் சாப்பிட்ட நாஷ்டா மொத்தத்தையும் கக்கினார். நிமிர்ந்தபோது பக்கத்தில் மாசி நின்றான். அவன் முகத்தில் அருவருப்பே இல்லை.

"பாய், மூணு நான்," என்றான்.

"இன்னாடா சொல்ற?"

"தெனம் விடியக்காத்தால அந்த ஆபீஸ் ரூம்லேந்து மைக்ல எண்ணுவாங்க. அவங்கவங்க நம்பருக்கு அவங்கவங்க கொரல் குடுக்கணும், சின்னப் புள்ளைங்ககூட. எங்கப்பா ஒண்ணு, அம்மா ரெண்டு, நான் மூணு." சொட்டிக்கொண்டிருந்த கூரையை நிமிர்ந்து பார்த்தான். "நாலு எங்கக்கா."

"எண்ணுறது யாரு?"

மாசி பதில் சொல்வதற்குள், "இன்னா பாய், இன்னும் முடியலயா?" என்று கேட்டபடி தாமோதரனே வந்துவிட்டார்.

கிதர் சட்டையில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. "எட்டாவது தொட்டியத் தொறக்கணும் சார். இல்லன்னா நான் வேல பாக்க மாட்டேன்."

"அதுல இன்னா கீது? தவுடு."

"எங்கக்கா எங்க மொதலாளி?" என்றான் மாசி.

"எவன்கூடவோ ஓடிப்போனவள என்னாண்ட வந்து கேட்டா? டெஸ்ட்டுதான பாய், நானே பண்றேன் வா." விறுவிறுவென்று ஆபீஸ் அறைக்குப் போய் மைக்கை எடுத்தார். கிதர் ஆறு ஸோனையும் திறந்துவிட்டார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு." எண்ணிப் பழகிய குரல் அது. அதட்டல், அவசரம் எல்லாம் அப்படியே இருந்தன.

பதில் இல்லை. தாமோதரன் சிரித்தார். "பாத்தியா? ஒரு மசுரும் இல்ல."

தரை உறுமியது.

"நாலு."

ஆறு ஸோனிலும் ஒரே நேரத்தில் வந்தது.

"மூடியத் தொறங்க மொதலாளி. மூச்சு முட்டுது."

தாமோதரனின் முகம் வெளுத்துப்போயிற்று. மைக்கைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னதை அவர் வாய் தானாகவே திரும்பச் சொன்னது.

"கத்தாத. லேபர் செக்கிங் ஆபீசருங்க போவட்டும். பத்து நிமிசம் உள்ளயே கெட."

அது புல்வெளியில் கேட்டது. குளத்தில் கேட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சமையல் பந்தலில் கரண்டிச் சத்தம் நின்றது. கிதர் ஆசைப்பட்டபடியே ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை.

மாசி கடப்பாரையைத் தேடி எடுத்தான். யாரும் தடுக்கவில்லை. டைல்ஸ் பெயர்ந்து, கான்கிரீட் மூடி நகர்ந்தபோது அங்கிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பதினெட்டு வருஷத்தில் காய்ந்து போயிருக்க வேண்டிய தொட்டியில், அழுகிய நெல் தண்ணீர் விளிம்புவரை நின்றது. மூடியின் உள்பக்கம் முழுக்க நகக் கீறல். தண்ணீரை இறைத்த பிறகு அடியில் எலும்புகளும் பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டும் கிடைத்தன. மாசி வளையலைப் பார்த்ததும் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

போலீஸ் தாமோதரனைக் கூட்டிப் போனது. விசாரணையெல்லாம் முடிந்து எலும்பைக் கொடுத்த அன்று, மாசி தன் கையாலேயே குழி வெட்டி அக்காவை அடக்கம் செய்தான். மாளிகைக்குச் சீல் வைத்தார்கள். மணல் கொட்டிய மற்ற ஏழு தொட்டிகளை யாரும் தோண்டவில்லை. தோண்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், பஜாரில் உள்ள தன் கடையில் உட்கார்ந்து, கூரம் கிராமத்தில் நடக்கவிருந்த ஒரு காதுகுத்துக்காக ஸ்பீக்கர் பெட்டியைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார் கிதர். பக்கத்தில் மாசி வயர் சுற்றிக்கொண்டிருந்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிதர் மைக்கில் ஹலோ ஹலோ என்பதோடு நிறுத்திக்கொள்வார். அன்று பழக்கதோஷத்தில் வாய் தவறிவிட்டது.

"ஒன், டூ, த்ரீ."

இருவரும் அசையாமல் இருந்தார்கள். தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று. பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மாசி பெருமூச்சு விட்டுச் சிரித்தான். "அக்கா போயிட்ச்சு பாய்."

"அல்லாவுக்குத்தான் நன்றி," என்று சொல்லி கிதர் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார். அந்த நாற்றம் மறுபடியும் மூக்கில் ஏறியது.

"அஞ்சு," என்றது ஒரு சின்னப் பிள்ளையின் குரல்.