இரண்டடி பின்னால்

2024ஆம் ஆண்டு ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்று பத்து. மணவாளக்குறிச்சிக்கு அருகே, கடலைப் பார்த்து நின்ற வீட்டில், கிரேசி, தானே கழுவிப் பழகும் ஆறாவது பயிற்சிப் படச்சுருளைக் குளியலறைக் கொடியிலிருந்து எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முப்பத்தாறு படங்களில் ஒன்றிலும் தவறில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் அந்தக் கறை இருந்தது.

அது இரண்டாம் சுருளில் தொடங்கியது. அவ்வூர்க் குழாய்த் தண்ணீர் உப்பானதால், காய்ந்த துளியின் தடம் என்று அவள் எண்ணினாள். தவறுகளுக்கென வைத்திருந்த நோட்டில் எண்ணிட்டு எழுதி, அடுத்த சுருளை வடிகட்டிய தண்ணீரில் அலசினாள். கறை மறையவில்லை, தெளிந்தது. படம் கழுவும் மருந்தின் சூட்டைத் திருத்தினாள். கை நடுக்கத்தைத் திருத்தினாள். திருத்தத் திருத்த அது துலங்கியது. ஐந்தாம் சுருளில் விரல்கள் தெரிந்தன: உலர்ந்த சிமெண்டுத் தரையில் ஒரு சிறு பாதத்தின் ஈரச்சுவடு. ஆறாம் சுருளை வாசலிலிருந்து குளியலறைவரை வீட்டுக்குள்ளேயே எடுத்திருந்தாள். சுவடும் படத்துக்குப் படம் வாசலிலிருந்து குளியலறைவரை வந்திருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏழாவது சுருள் எஞ்சியிருந்தது.

அது மூத்த மகள் பெபிஷாவைக் கடைசியாகப் படமெடுத்த, இன்னும் கழுவாத சுருள். 2023 மே 21 அன்று, கோட்டாற்றில் வாங்கிய பழைய காமிராவோடு கிரேசி கடற்கரையில் நின்றாள். ஆறடிக்குள் நிற்பவர் உருவம் அந்தக் காமிராவில் தெளியாது. புதிதாகப் பழகுபவர் தாம் நகர வேண்டும் என்று அறியார். எதிரே நிற்பவரை நகர்த்துவர். அலைக்கு முதுகு காட்டி நின்ற ஐந்து வயதுக் குழந்தையிடம், காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "ரெண்டு அடி பின்னால போ மக்கா" என்றாள். குழந்தை போனது. "அம்மா" என்று கூப்பிட்டது. "அனங்காத நில்லு, படம் அசையும்" என்றாள்.

பிள்ளையின் அடக்கத்தன்று, பக்கத்து வீட்டுப் பேபி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "பிள்ளையப் பாக்கதுக்கு ரெண்டு கண்ணு காணாதுண்ணுல்லா மூணாவது ஒண்ண வெல குடுத்து வாங்கினா!"

ஓராண்டு கழிந்து, இந்த ஞாயிறு காலையும் கத்தாரிலிருந்து கணவன் ரெஜின் போனில் பேசினான்.

"ஏட்டி, நாகர்கோவில்ல கொண்டு குடுத்திரு. அவனுவ கழுவித் தருவானுவ."

"வேற ஆளு தொடண்டாம். அதுல தப்பு வந்தா, பின்ன எடுக்கதுக்கு அவ இருக்காளா?"



கிரேசி குளியலறைக் கதவை உட்புறம் தாழிட்டு, முக்காலியில் அமர்ந்து, ஏழாவது சுருளையும் கழுவும் டப்பாவையும் வெளிச்சம் புகாத கருப்புப் பைக்குள் வைத்து மூடி, பையின் இரு கைத்துவாரங்களிலும் முழங்கைவரை கைகளை நுழைத்தாள். வெளியே நண்பகல் வெயில். பைக்குள் மட்டும் இருட்டு. ஓட்டின்மேல் தென்னோலை உராயும் ஒலியும், அதற்கப்பால் கடலின் ஒரே சீரான இரைச்சலும், மருந்தின் புளித்த நெடியும் அவளுக்குப் பழகியவை. மெல்ல, அந்த நெடிக்குள் வேறொன்று கலந்தது. பாசி. ஈர மணல்.

கதவுக்கு வெளியே இளைய மகள் ஜோஸ்லின் பேசினாள். "அம்மோ, தரையெல்லாம் நனைஞ்சு கெடக்கு."

"சும்மா இரி மக்கா. இப்ப வரியேன்."

படச்சுருளின் நுனியை விரலால் தேடினாள். கிடைக்கவில்லை. இன்னும் உள்ளே கையை நீட்டினாள். நுனி கிடைத்தது.

அதை யாரோ நீட்டினார்கள்.

குளிர்ந்த விரல்கள். சிறியவை. நீரில் ஊறித் தோல் சுருங்கியவை.

கையை உருவினால் வெளிச்சம் புகும். சுருள் வீணாகும். அவள் உருவவில்லை. அந்த விரல்கள் படச்சுருளை அடி அடியாகத் தள்ளின. அவள் வாங்கி டப்பாவின் உருளையில் சுற்றினாள். ஒரு தவறும் நேரவில்லை. டப்பாவை மூடினாள். மூடிய பின்னும் அவை அவள் கட்டைவிரலைப் பிடித்திருந்தன. வெகு நேரம். பிறகு விட்டன.

மருந்து ஊற்றினாள். கழுவினாள். உலர்த்தினாள். மூன்று மணிக்குச் சன்னலருகே பிடித்தாள்.

பெபிஷா ஒரு படத்திலும் இல்லை.

முப்பத்தாறும் கடலுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டவை. ஒரு குழந்தையின் கண் உயரத்தில், அலைமேட்டுக்கு மேலாக. எல்லாவற்றிலும் கரையில் ஒரு பெண். முகம் இருக்கவேண்டிய இடத்தில் காமிரா. படத்துக்குப் படம் அலை உயர்ந்தது. அவள் அசையவில்லை. கடைசிப் படத்தில் தண்ணீர் மட்டும். அதன் வழியே, கலங்கலாக, அப்போதும் காமிராவை இறக்காத அவள்.

கிரேசி நோட்டைத் திறந்தாள். பக்கம் ஈரமாக இருந்தது. கடைசிச் சுருளுக்கு எதிரே, 'பின்னால் போகச் சொன்னது 2 அடி' என்று ஓராண்டுக்கு முன் அவளே எழுதியிருந்தாள். அந்த 2 கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. மேலே பென்சிலால் ஒரு 4. கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய 4. பெபிஷா எத்தனை முறை திருத்தினாலும் அப்படித்தான் எழுதுவாள். ஜோஸ்லினுக்கு இன்னும் எண்கள் தெரியா.

நான்கு மணிக்கு முடிவு செய்யப்பட்டது வருமாறு. காமிராவில் புதிய சுருள் போடப்படும். அதே இடம், அதே வெளிச்சம், மாலை ஐந்தரை மணி. பெபிஷாவின் மஞ்சள் கவுன் ஜோஸ்லினுக்கு இப்போது சரியாக இருக்கிறது. அவளை அலைக்கு முதுகு காட்டி நிறுத்த வேண்டும். நான்கடி பின்னால் போகச் சொல்ல வேண்டும். அவள் "அம்மா" என்று கூப்பிட்டாலும் காமிராவை இறக்கலாகாது, படம் அசைந்துவிடும்.