அசையாத ஸ்பிரிங்கும் அஸீஸ் நானாவின் லொறி வீடும்

றக்வானைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வீடு புறப்பட்டு, மலையிறங்கி, இரத்தினபுரி வரைக்கும் போனது. கதவு, சன்னல், திரைச்சீலை, தகரக்கூரை எல்லாவற்றோடும்தான். உள்ளே படுத்திருந்தவருக்கு வீடு நகர்ந்ததே தெரியாது!

அந்தப் பாதையைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிக்கக்கூட மாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள். பாதையில் குழிகள் இருந்தன என்று சொன்னால் அது பொய். குழிகளுக்கு நடுவில் ஆங்காங்கே கொஞ்சம் பாதை இருந்தது, அவ்வளவுதான். ஒரு குழிக்குள் தபால்காரர் சைக்கிளோடு இறங்கி மறுவாரம்தான் கரையேறினார். இன்னொரு குழியில் ஒரு வாத்துக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது.

ஆனால் பத்து வயது ஷாமிளாவுக்கு மட்டும் அந்தப் பாதையை நினைத்தாலே அழுகை வந்தது.

அவளுடைய அம்மா விஜயகலா, மழை நாளொன்றில் கொழுந்து பறிக்கும்போது சரிவில் வழுக்கி, கூடையோடு கீழே விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. அன்று தோட்டத்து லொறியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த மலையில் யாருக்கு நோய் வந்தாலும் அந்த லொறிதான். இரத்தினபுரி போய்ச் சேருவதற்குள் அம்மா கத்திக் கத்திக் குரலே போய்விட்டது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"ஒப்பரேஷன் செய்யலாம். செய்தால் எழுந்து உட்காருவார். வீட்டுக்குள் கொஞ்சம் நடப்பார். ஆனால் இனி மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது. செய்யாவிட்டால் படுத்த படுக்கைதான்."

நாள் குறித்துக் கொடுத்து, அதுவரை வீட்டில் வைத்திருக்கச் சொன்னார்கள். திரும்பி வந்ததும் அதே லொறி, அதே பாதை.

அன்றிலிருந்து அம்மா, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், தங்கள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூக்கமே கிடையாது. ஷாமிளா பக்கத்தில் போய் உட்கார்ந்தால்கூட, படுத்திருந்த பலகை அசைந்து அம்மாவுக்கு வலித்தது. அதனால் அவள் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் விரல் நுனியை மட்டும் பிடித்துக்கொள்வாள்.

ஒப்பரேஷன் நாள் நெருங்கியது. அம்மா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்.

"நா வரல. திரும்பவும் என்னைய லொறியில ஏத்தாதீங்க. உக்கார்றதுக்காகவா அவ்வளவு வேதனைப்படணும்? நா இப்பிடியே கெடந்துட்டுப் போறேன்."

அப்பா வேலுசாமி வெளியே போய்விட்டார். வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் அஸீஸ் நானாவின் லொறி மேலே வந்தது.

அஸீஸ் நானா துணி வியாபாரி. மலையில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். தோட்டம் தோட்டமாகப் போய் விற்பவர். தங்க இடம் தேடி அலுத்துப்போய், தன் லொறியின் பின்பக்கத்திலேயே பலகையால் ஒரு வீடு கட்டிவிட்டார். அதில் கட்டில் இருந்தது, அடுப்பு இருந்தது, சன்னலில் பூப்போட்ட திரை இருந்தது, கூரையில் ஒரு கண்ணாடி விளக்குத் தொங்கியது. நாலு பக்கமும் துணி மூட்டைகள் கூரையைத் தொட்டன. ஊருக்கு ஊர் வீடு வைத்திருக்கும் ஒரே ஆள் தான்தான் என்று பீற்றிக்கொள்வார்.

விஷயத்தைக் கேட்டதும் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கா அழுறீங்க, வேலுசாமி? என்ட லொறியில கட்டிலே ஈக்கிது. தங்கச்சிய நான் கொண்டு போறேன். வீட்டைக் கட்டி மூட்டையையும் ஏத்தினதும் பின்பக்கம் தாழ்ந்து போச்சு. அதுக்காகவே ஸ்பிரிங்குக்கு மேல ஸ்பிரிங் அடிச்சி ஈக்கிறேன். ஆனை ஏறி நின்டாலும் அசையாது!"

லயமே சந்தோஷப்பட்டது. அம்மாவுக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து மூட்டைகளை இறக்கிக் கோயில் மடத்தில் அடுக்கினார்கள். அடுப்பை இறக்கினார்கள். பெட்டிகளை இறக்கினார்கள். பக்கத்து வீட்டு இருளாயி அத்தை உள்ளே கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போடாத குறைதான்.

"ஆடாமப் போற லொறிய நா பாத்ததில்ல," என்றார் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

"அப்பிடின்னா மொதல்ல நா படுத்துப் பாக்கிறேம்மா," என்றாள் ஷாமிளா.

அம்மா படுக்க வேண்டிய கட்டிலில், அம்மா படுப்பது போலவே அவள் நீட்டிப் படுத்தாள். அப்பா முன்னால் ஏறிக்கொண்டார். லொறி முதல் வளைவு வரை போய்த் திரும்பியது.

அந்தக் கொஞ்ச தூரத்தில் அவள் கட்டிலில் இருந்த நேரத்தைவிடக் காற்றில் இருந்த நேரம்தான் அதிகம்! போகும்போது கூரையில் தலை இடித்தது. வரும்போது காலும் இடித்தது. அவளுடைய செருப்பு ஒன்று சன்னல் வழியாகப் பறந்து தேயிலைக்குள் போனது போனதுதான்.

நெற்றி வீங்கிப்போய் அவள் உள்ளே வந்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"இதுல வேணாம்மா."

அம்மா கையை நீட்டி, அந்த வீக்கத்தை மெதுவாகத் தடவினார். "எனக்காக ஒனக்கு இது தேவையா புள்ள?" என்றார்.

ஷாமிளா போய்ப் பாதையோரத்துப் பாலக்கட்டையில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் அஸீஸ் நானா, பரீட்சையில் கோட்டை விட்ட பையனைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

அப்போது தோட்டத்து லொறி, கொழுந்துச் சாக்குகளை நிறைய ஏற்றிக்கொண்டு அவர்களைக் கடந்து ஃபெக்டரிக்கு இறங்கிப் போனது. சாக்குகளின் மேல் ஒரு ஆள் காலை ஆட்டிக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அதே லொறி வெறுமையாகத் திரும்பி வந்தது. தகரக்கடையைத் தூக்கி மலையில் உருட்டிவிட்டதுபோல ஒரே சத்தம். அதே ஆள் இப்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். பாரம் உள்ள லொறியில் தொற்றினால் தாலாட்டு. வெறும் லொறியில் தொற்றினால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இதுவரை யாரும் அதை நின்று யோசித்ததில்லை.

ஷாமிளா கண்ணைத் துடைத்தாள்.

"நானா, துணி மூட்டையோட வரும்போது ஒங்க வீட்டு வெளக்குக் கண்ணாடி ஒடையுமா?"

"ஒரு நாளும் இல்ல, மகள்."

"இப்ப?"

அஸீஸ் நானா உள்ளே எட்டிப் பார்த்தார். கண்ணாடி தரையில் தூள் தூளாகக் கிடந்தது.

"நானா, நாங்க பாவம் பாத்து எல்லாத்தையும் எறக்கிட்டோம். அதான் குதிக்குது. ஒங்க ஸ்பிரிங்கு மூட்டைக்காகப் போட்டது. மூட்ட இல்லாட்டி அது வளையவே மாட்டேங்குது."

அஸீஸ் நானாவின் முகம் சுருங்கியது. அவர் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதைவிட அந்த ஸ்பிரிங்கைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

"அப்ப மூட்டைய திரும்ப ஏத்தவா? தங்கச்சி எங்க படுக்கிற?"

"மூட்ட வேணாம். கூடுதலா போட்டத மட்டும் கழட்ட ஏலாதா?"

நானா லொறிக்கு அடியில் குனிந்து பார்த்தார். வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கி வைத்த ரொட்டிகளைப் போல இருந்தன. பெருமூச்சு விட்டார். பிறகு சட்டையைக் கழற்றி வைத்தார்.

"வேலுசாமி! ஜெக்கை எடுங்க!"

அவரும் அப்பாவும் சேர்ந்து லொறியைத் தூக்கி நிறுத்தி, முட்டுக்கட்டை கொடுத்து, ஆணிகளைக் கழற்றி, கூடுதல் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தார்கள். ஒவ்வொரு பட்டை வெளியே வரும்போதும், நானா பல் பிடுங்கியவரைப் போல "ஆ!" என்றார்.

மறுபடியும் ஷாமிளா படுத்தாள். லொறி போனது.

இந்தத் தடவை குதிக்கவில்லை. ஆனால் வளைவில் திரும்பும்போது அந்த உயரமான பலகை வீடு இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. ஷாமிளா கட்டிலிலிருந்து உருண்டு, கதவு வரை போய், மரியாதையாகத் திரும்பியும் வந்தாள்.

"குதிக்கிறது நின்னுருச்சு. இப்ப ஆடுது," என்றாள்.

"மேல ஒசரம், கீழ பாரம் இல்ல. மூட்டை இருந்தா ஆடாது," என்று நானா தலையைச் சொறிந்தார்.

"கட்டிலுக்கு அடியில ஒண்ணுமே இல்லையே நானா. அங்க மண்மூட்ட வச்சா என்ன?"

லயமே ஆற்றுக்கு ஓடியது. கொழுந்துச் சாக்குகளில் மணலை நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் தட்டையாக அடுக்கினார்கள். சாக்குப் போதாதென்று இருளாயி அத்தை தன் வீட்டு அம்மிக்கல்லையே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அத்தை, நாளைக்கு எதுல அரைப்பீங்க?"

"ஒங்கம்மா எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும் எங்க வீட்டுல சம்பல் இல்ல. வையி புள்ள!"

மூன்றாவது தடவை ஷாமிளா படுத்துப் போய் வந்தாள். இறங்கியதும் நேராக அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, இப்ப ஒண்ணும் பண்ணல!"

அம்மா நம்பவில்லை. "என்னைய அனுப்பணும்னு நீ பொய் சொல்ற."

ஷாமிளா வீங்கிய நெற்றியோடு நின்றாள். ஆனாலும் அவள் கோபப்படவில்லை. அம்மாவின் விரல் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்பாட்டிப் போகுதும்மா. நா கூடவே வாரேன். ஒனக்கு வலிச்சா என் கைய அழுத்து. ஒடனே நா முன்பக்கப் பலகையில தட்டுவேன். நானா லொறிய நிப்பாட்டி வீட்டுக்குத் திருப்பிருவாரு. யாரும் ஒன்ன ஒண்ணும் கேக்க மாட்டோம்."

அம்மா வாசலைப் பார்த்தார். அஸீஸ் நானா கிரீஸ் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அல்லா மேல ஆணை, தங்கச்சி. ஒரு தட்டு. திருப்பிருவேன்."

அம்மா மகளின் வீங்கிய நெற்றியைப் பார்த்தார். "ஒரு தட்டு," என்றார்.

விடிந்ததும் புறப்பட்டார்கள். லயத்துச் சனம் முழுவதும் வாசலில் நின்றது. அம்மாவைப் பலகையோடு தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். பறிக்கும் கூடை வீட்டு மூலையில் கவிழ்ந்து கிடந்ததை, கதவு மூடும்வரை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். இனி அதைத் தூக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

லொறி உறுமியதும் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஷாமிளாவின் கையை நசுக்குவதுபோலப் பிடித்தார். ஷாமிளா மறுகையைப் பலகையின் அருகே தயாராக வைத்திருந்தாள்.

முதல் வளைவு. அம்மா அழுத்தவில்லை.

வாத்துக் குழி வந்தது. லொறி மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. அம்மா அழுத்தவில்லை.

அதற்குப் பிறகு, அம்மாவின் பிடி தளர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. கை கட்டிலில் சரிந்தது.

ஷாமிளா குனிந்தாள். "அம்மா?" என்றாள். பதில் இல்லை. விரலை அம்மாவின் மூக்கருகே கொண்டு போனாள்.

சூடான மூச்சு வந்தது. சீராக வந்தது. கூடவே ஒரு சின்னக் குறட்டையும் வந்தது.

விழுந்த நாளிலிருந்து தூங்காத அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

ஷாமிளா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். றக்வானைக் கடைத்தெரு போனது. பெல்மதுளைச் சந்தி போனது. அவளுக்குக் கால் மரத்துப்போனது, மூக்கில் ஒரு கொசு வந்து குடித்தனம் நடத்தியது. அவள் அசையவில்லை.

லொறி நின்ற பிறகுதான் அம்மா கண் விழித்தார்.

"என்னா இன்னும் கெளம்பல? நானா பயந்துட்டாரா?"

அப்பா வந்து பின்கதவைத் திறந்தார். வெளியே தேயிலை இல்லை. மலை இல்லை. ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர் இருந்தது.

"இரத்தினபுரி வந்து சேந்தாச்சு, கலா," என்றார் அப்பா. சிரித்தார். கண்ணீரும் வழிந்தது.

"சும்மா சொல்லாதீங்க," என்றார் அம்மா.

தள்ளுவண்டி வந்தது. அம்மாவை அதில் மாற்றினார்கள். வார்டு வாசலில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி ஷாமிளாவின் தோளைத் தொட்டு நிறுத்தினார். சின்னப் பிள்ளைகள் உள்ளே போக முடியாதாம். அம்மா எத்தனை வாரம் அங்கே இருப்பார் என்றும் யாருக்கும் தெரியாதாம். ஷாமிளா அம்மாவின் விரல் நுனியை விட வேண்டியிருந்தது.

மிஸ்ஸி டாக்டரின் துண்டுச் சீட்டைப் படித்துவிட்டு அம்மாவை வியப்பாகப் பார்த்தார்.

"றக்வானைக்கு மேலேயிருந்தா? இந்த முதுகோடயா? அந்தப் பாதையில ஒருத்தர் கத்தாம வந்தத நான் கேள்விப்பட்டதே இல்ல."

அம்மா தலையை மெல்லத் திருப்பி, வாசலில் ஒற்றைச் செருப்போடும் வீங்கிய நெற்றியோடும் நின்ற தன் மகளைப் பார்த்தார். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"நானுந்தான் நம்பல, மிஸ்ஸி. ஆனா நெசந்தான். எம்புள்ள என்னையத் தூங்க வச்சே கொண்டாந்து சேத்துட்டா."