வெளியேறிய நேரம்

தையல் கூடத்தின் மின்சாரம் துண்டிக்கப்பட்டு நாற்பத்தொரு நாட்கள் ஆகிவிட்டன. ஆயினும் உள்ளே ஒரு தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பது போல நியாரிக்குக் கேட்டது. நெடுஞ்சாலையில் சிமெண்டு லாரிகள் இரைந்து செல்ல, ஆலை வாசலில் கட்டிய தார்ப்பாய்க்கு அடியில் எவரோ வதக்கிய புளித்த மீன் விழுதின் வாசனை மதிய வெக்கையோடு கலந்து நிற்க, அந்த ஓசை மட்டும் எதனோடும் கலவாமல் தனியே வந்தது. சிறிது ஓட்டம், ஒரு நிறுத்தம், மறுபடியும் ஓட்டம். சட்டைக் காலரின் முனையில் துணியைத் திருப்புவதற்காக ஊசியை நிறுத்துவார்களே, அந்த நிறுத்தம். ஏழாண்டுகள் அவள் அதைத்தான் செய்திருந்தாள்.

"தகரம் வெயில்ல முறுக்குது. அதப் போயி கேட்டுக்கிட்டு," என்றாள் கிம்ஹோர்ன் அக்கா. "உள்ள போடி. இன்னிக்காவது அந்தக் கிளார்க்கு முன்னாடி கும்பிட்டுக்கிட்டே நிக்காத."

கிம்ஹோர்ன், நியாரியின் வரிசையிலேயே நூல் வெட்டியவள். இப்போது வாசலில் காவலிருக்கும் பெண்களுக்கு முறை போட்டுத் தருபவளும் அவளே. புத்தாண்டு விடுமுறை முடிந்து திரும்பியபோது ஆலை பூட்டிக் கிடந்தது. முதலாளி நாட்டை விட்டே போயிருந்தார். மதிப்புள்ளவையாக எஞ்சியவை இயந்திரங்கள் மட்டுமே. அவற்றை லாரியில் ஏற்றிவிட்டால் சம்பளமும் அவற்றோடு போய்விடும் என்பதனால், புனோம்பென்னுக்கு வெளியே அந்தச் சாலையோரத்தில் இருநூறு பெண்கள் முறை வைத்து உட்கார்ந்திருந்தனர்.

நியாரிக்கு வரவேண்டியது மூன்று மாதச் சம்பளம். தாயாரின் நிலப்பத்திரம் கடன் கொடுத்தவரிடம் இருந்தது. அதை மீட்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று புதன். புதன்கிழமைகளில் மட்டுமே ஆலையின் எழுத்தர் வுத்தி அலுவலக அறையைத் திறந்து, முதலாளி விட்டுப்போன சொற்பப் பணத்திலிருந்து, காகிதங்கள் சரியாக இருப்பவர்களுக்குக் கொடுத்தார். மூன்று புதன்கிழமைகளில் மூன்று காகிதங்கள் குறைவதாகச் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார். மூன்று முறையும் அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

"உயிர கூப்பிட்டு நூல் கட்டினியா, இல்லையா?" என்று கிம்ஹோர்ன் திடீரெனக் கேட்டாள்.

ஆலையின் கடைசி நாளன்று வெக்கை தாளாமல் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுந்தனர். நியாரியையும் பக்கவாட்டுக் கதவு வழியாகத் தூக்கிச் சென்றார்கள். அப்படி விழுந்தவர்களின் உயிரில் ஒரு பங்கு விழுந்த இடத்திலேயே தங்கிவிடும் என்பதும், சோறும் வாழைப்பழமும் வைத்து அதைப் பெயர் சொல்லி அழைத்து, மணிக்கட்டில் நூல் கட்ட வேண்டும் என்பதும் அங்கு எல்லோரும் அறிந்ததே.

"சம்பளம் வந்ததும் பண்ணலாம்னு இருந்தேன்க்கா."

"நல்லா இருந்தே போ." கிம்ஹோர்ன் வாசலிலிருந்த காவல் தெய்வத்தின் மாடத்தைப் பார்த்தாள். அதில் ஊதுவத்திக் குச்சிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. "கோழி வெச்சுப் படைக்கிறேன்னு சொன்னானே அந்த மொதலாளி, படைச்சானா? சாமிக்கே பாக்கி வெச்சிட்டுப் போனவன் உனக்கா குடுக்கப் போறான்? சரி, நூல் என்கிட்ட இருக்கு. நீ வெளிய வந்ததும் கட்டி விடறேன்."

நியாரி எழுந்தாள். எழுவதற்கே அலுப்பாக இருந்தது. வேலையற்ற இந்த நாற்பத்தொரு நாட்களிலும் அவளுடைய தோள்கள் வேலை நாட்களைப் போலவே வலித்தன. காலையில் கண் விழிக்கும்போது இமைகளில் பஞ்சுத்தூசி ஒட்டியிருந்தது. இதைச் சொல்லிப் பிறரைத் தொந்தரவு செய்ய அவள் விரும்பவில்லை.

வுத்தியின் மேசை மீது அவள் பெயரெழுதிய உறை தயாராக இருந்தது. அதைத் தொட விடாமல் அவர் ஒரு தாளை முன்னே நகர்த்தினார். வந்த நேரம் பதிவாகியிருந்தது: ஆலையின் கடைசி நாள், காலை 6.48. வெளியேறிய நேரம் இல்லை.

"விரல் வெக்கிற மெஷின் கணக்குப்படி நீ இன்னும் வேலையிலதான் இருக்க. உள்ள இருக்கிறவளுக்கு எப்படிம்மா கணக்கு முடிக்கிறது?"

"மன்னிக்கணும் சார். அன்னிக்கு என்னைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க."

"தூக்கினவங்க விரலையும் வெக்கச் சொல்லியிருக்கணும்."

தாளின் கீழ்ப்பகுதியை நியாரி அப்போதுதான் கண்டாள். ஒவ்வொரு தேதிக்கும் நேராக அவளுடைய உற்பத்தி. காலர் 480. காலர் 480. நேற்று, 480.

"கம்ப்யூட்டர் கோளாறு," என்றார் வுத்தி. "அதுக்கும் சேத்து சம்பளம் கேட்டுடாத. உள்ள போயி விரல வெச்சிட்டு வா. பச்சை விழுந்தா கவர் உன்னுது."

கூடத்துக்குள் எண்ணெயும் புதுத் துணியும் கலந்த பழைய வாசனை அசையாமல் நின்றது. பிளாஸ்டிக் விரிப்புகள் போர்த்திய இயந்திரங்கள் இருட்டுக்குள் வரிசை வரிசையாக நீண்டு மறைய, கதவருகே, அலுவலக மின்சாரத்தில் உயிரோடிருந்த விரல் பதிவுக் கருவி மட்டும் சிறு வெளிச்சம் காட்டியது. அவள் கட்டைவிரலை வைத்தாள்.

சிவப்பு.

பாவாடையில் துடைத்துவிட்டு மீண்டும் வைத்தாள். சிவப்பு. விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரேகைகள் தேய்ந்திருந்தன. துணி ஓடி ஓடித் தேய்ந்த வழவழப்பு.

ஏழாம் வரிசையில் ஊசி ஓடியது. நின்றது. ஓடியது.

அவளுடைய இயந்திரத்தின் மீது விரிப்பு இல்லை. அதனருகே இடுப்பளவுக்கு வெள்ளைக் காலர்கள் குவிந்திருந்தன. குவியலுக்குப் பின்னால் ஒரு நீலத் தலைத்துணி குனிந்திருந்தது. மயங்கிய நாளில் அவள் தொலைத்த தலைத்துணி.

மூன்றாம் முறை வைத்தாள்.

சிவப்பு.

ஓசை நின்றது. இம்முறை தொடரவில்லை.

நாற்காலி நகர்ந்தது. வெறும் பாதங்கள். அவசரமில்லாத, களைத்த நடை. நியாரிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்கும் அலுப்பாக இருந்தது. இமைகளில் பஞ்சுத்தூசி கனத்துத் தொங்கிய அவளுடைய சொந்த முகமே பக்கத்தில் வந்து நின்றது. கட்டைவிரலை வைத்தது.

பச்சை.

"ஆச்சா?" அடுத்த அறையில் வுத்தி நிமிராமல் கேட்பது தெரிந்தது. "இங்க ஒரு கையெழுத்து."

"மன்னிக்கணும் சார். நேரமாயிடுச்சு," என்றது நியாரியின் குரல்.

நியாரி அதன் பின்னால் போக முயன்றாள். கால்கள் ஏழாம் வரிசையின் பக்கம் நடந்தன. நாற்காலி இளஞ்சூடாக இருந்தது. ஊசிக்கு அடியில் பாதி தைத்த காலர்.

இயந்திரத்தருகே தகரச் சுவரில் ஒரு துளை; எப்போது மணியடிக்கும் என்று ஏழாண்டுகளாக அவள் வாசலைப் பார்த்த துளை. அதில் கண்ணை வைத்தாள். வெளியே வெயிலில் கிம்ஹோர்ன் அக்கா அந்த மணிக்கட்டில் நூலைச் சுற்றி முடிச்சிட்டுக்கொண்டிருந்தாள். வா, வந்துவிடு, நியாரி, வா என்று அழைக்கும் அவள் உதடுகள் தெரிந்தன. நூல் கட்டாத மறு கை பண உறையை மார்போடு அணைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்பே பத்திரம் மீண்டுவிடும்.

முடிச்சு விழுந்ததும், அந்த உருவம் கூடத்தின் பக்கம் திரும்பியது. சரியாகத் துளையை நோக்கி. உறையோடு இரு கைகளையும் குவித்துத் தலையைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு, மன்னிப்புக் கேட்பது போலக் கும்பிட்டது.

நியாரியின் கால் மிதியை அழுத்தியது. ஊசி ஓடியது. முனையில் நின்றது. அவள் துணியைத் திருப்பினாள்.

வெளியே கிம்ஹோர்ன் ஒரு கணம் தலை நிமிர்ந்து தகரக் கூரையைப் பார்த்தாள்.